காலடிச் சுவடு எவருக்குச் சொந்தம்?

ஒருவன் நாள்தோறும் எங்கே போகிறான், எங்கே தங்குகிறான், எவர் வாசற்படியில் ஏறுகிறான் என்பவற்றையெல்லாம் அறிந்தவன் அம் மனிதனின் வாழ்க்கையையே அறிந்தவனாகிறான். அவனுடைய நோயும் கடனும், வழிபாடும் அரசியலும், நட்பும் பகையும் அவன் கால்கள் செல்லும் வழியிலே எழுதப்பட்டிருக்கின்றன. இதனாற்றான் அக்கால அரசர்கள் ஒற்றர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். திருவள்ளுவரும் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார்.

ஆனால் ஒற்றாடல் செலவு மிகுந்த தொழில். ஒருவனைப் பகல் முழுவதும் பின்தொடர ஒருவன் வேண்டும். இரவிலும் தொடர்வதானால் இன்னும் இருவர் வேண்டும். ஆகவே எவ்வளவு கொடிய அரசாயினும் தன் குடிகள் அனைவரையும் வேவு பார்க்க இயலவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், சாதாரண மனிதனுடைய அந்தரங்கத்துக்குச் சட்டம் அளித்த காவலிலும் பார்க்க, அரசாங்கத்தின் பணமுடை அளித்த காவலே பெரிதாயிருந்தது.

அந்தக் காவல் இன்று போய்விட்டது. ஒற்றனை நாமே விலைகொடுத்து வாங்குகிறோம். நாமே அவனுக்கு மின்னூட்டுகிறோம். சட்டைப்பையிலும் மடியிலும் வைத்துக்கொண்டு திரிகிறோம். இரவில் தலைமாட்டில் வைத்து உறங்குகிறோம். அவனுக்குரிய மாதச் சம்பளத்தையும் நாமே கட்டுகிறோம். கைத்தொலைபேசியைத்தான் சொல்கிறோம்.

கைத்தொலைபேசி வேண்டாமென்று சொல்ல நாம் முன்வரவில்லை. தம்புள்ளைச் சந்தையில் வெங்காயம் என்ன விலைக்குப் போகிறதென்று தோட்டத்தில் நின்றபடியே கமக்காரன் அறிய முடிகிறதென்றால், அது இக் கருவி தந்த நன்மை. நோயாளியின் வீட்டுக்கு வைத்தியரும், கட்சிக்காரரின் அழைப்புக்கு நியாயவாதியும் விரைந்து செல்ல உதவுவதும் அதுவே. நாம் எழுப்பும் கேள்வி வேறு. அக் கருவி நம்மைப்பற்றி எழுதிவைக்கும் நடமாட்டக் குறிப்பு எவருக்குச் சொந்தம்? எவருடைய கட்டளையின்மேல் அதைப் பிறர் பார்க்கலாம்? இதுவே இக் கட்டுரையின் விஷயம்.

கருவி எழுதும் நாட்குறிப்பு

கைத்தொலைபேசி நம் இருப்பிடத்தை அறிவிக்கும் வழிகளில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, கோபுரத்தின் வழி. நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் தொலைபேசி அண்மையிலுள்ள அலைபரப்புக் கோபுரத்தோடு இடையிடையே தொடர்புகொண்டபடியே இருக்கும். அன்றேல் நமக்கு வரும் அழைப்பை எங்கே அனுப்புவதென்று கம்பனிக்குத் தெரியாது. எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் எந்தப் பக்கத்தில் நின்றோமென்பது கம்பனியின் ஏட்டில் பதிவாகிறது. கோபுரங்கள் தூரதூரமாக நிற்கும் வயற்புறத்தில் அக் குறிப்பு சில மைல்களைச் சுட்டும். நெருங்கி நிற்கும் பட்டினத்தில் சில தெருக்களுக்குள் ஆளை நிறுத்திவிடும்.

இரண்டாவது, செய்மதியின் வழி. வானத்திலுள்ள செய்மதிகள் நம்மைப் பார்க்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அவை நேரத்தைச் சுட்டும் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. அவற்றை வாங்கி, தான் நிற்கும் இடத்தைச் சில யார் தூரத்துக்குள் கணித்துக்கொள்வது தொலைபேசியே. கணித்த இடத்தை அதனுள் இருக்கும் செயலிகள் வெளியே அனுப்பும்போதுதான் தொல்லை பிறக்கிறது.

மூன்றாவது, வைபையின் வழி. சுற்றியுள்ள வீடுகளிலும் கடைகளிலும் இயங்கும் வைபைக் கருவிகளின் அடையாளங்களைத் தொலைபேசி முகர்ந்து, முன்னரே தயாரித்து வைத்திருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டு இடத்தை அறிந்துகொள்ளும். செய்மதிச் சமிக்ஞை எட்டாத கட்டடத்தினுள்ளும் இம் முறை வேலை செய்யும்.

இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும் கமக்காரனுக்கு ரோச் வெளிச்சம் தரும் செயலி ஒன்று போதும். அந்த வெளிச்சத்துக்கு அவன் நிற்கும் இடம் எதற்கு? அமெரிக்காவில் கோடிக்கணக்கான தடவை இறக்கப்பட்ட ரோச் செயலியொன்று, பாவிப்பவர்களின் இருப்பிடத்தை விளம்பரக் கம்பனிகளுக்கு அனுப்பிவந்ததென 2013 டிசெம்பரில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு வெளிப்படுத்தியது. இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டதாக நம்பியவர்களின் இடத்தையும் கூகிள் வேறு வழியாகச் சேமித்து வந்ததென 2018 ஓகஸ்டில் அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் எழுதிற்று. அதன் தொடராக 40 அமெரிக்க மாநிலங்களோடு 2022 நவம்பரில் 39 கோடியே 15 இலட்சம் டொலருக்கு அக் கம்பனி இணக்கம் செய்துகொண்டது. விளக்கை அணைத்துவிட்டோமென்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் வேறொரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பதே இதன் கருத்து.

ஆறு மாதத்தில் முப்பத்தையாயிரம் குறிப்பு

இக் குறிப்பு எத்தகையது என்பதைக் கண்ணாற் கண்டவர் ஜேர்மனியின் பசுமைக் கட்சி அரசியல்வாதி மால்ற்ற ஸ்பிற்ஸ். தம்மைப்பற்றித் தொலைபேசிக் கம்பனி வைத்திருப்பதைத் தமக்குத் தரும்படி அவர் கேட்டார். கம்பனி இலேசில் கொடுக்கவில்லை. வழக்குத் தொடுத்த பின்னரே 2009 ஓகஸ்ட் தொடக்கம் 2010 பெப்ரவரி வரையிலான ஆறு மாதக் குறிப்பு கைக்கு வந்தது. அதில் 35,000 இற்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. 2011 இல் அவர் அவற்றைப் பத்திரிகையில் வெளியிடச் செய்தார். எந்த ரயிலில் ஏறினார், எங்கே உறங்கினார், எந்த நகரத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பவை யாவும் ஊர்ப்படத்தின்மேல் புள்ளி புள்ளியாக ஓடக் கண்ட ஜேர்மனிய மக்கள் திகைத்தனர்.

எல்லாருடைய குறிப்பையும் ஆறு மாதம் வைத்திருக்கும்படி கம்பனிகளைக் கட்டாயப்படுத்திய ஜேர்மனியச் சட்டத்தை, 2010 மார்ச் 2 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. இத்தகைய சட்டங்களுக்குத் தாயாக நின்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டுப் பணிப்பாணையையும் 2014 ஏப்ரில் 8 இல் ஐரோப்பிய நீதிமன்றம் இரத்துச் செய்தது. குற்றஞ் செய்தவன், செய்யாதவன் என்ற வேறுபாடின்றி எல்லாக் குடிகளின் நடமாட்டத்தையும் முன்கூட்டியே சேர்த்து வைப்பது, சந்தேகம் பிறக்குமுன்பே எல்லாரையும் சந்தேக நபராக்குவதாகும் என்பதே நாம் இத் தீர்ப்புகளிலிருந்து கற்கும் பாடம்.

சட்டம் சொல்வதென்ன?

அரசன் நினைத்த நேரத்தில் குடியானவனின் வீட்டுக்குள் நுழையலாமா என்பது பழைய கேள்வி. 1762 இல் இங்கிலாந்திலே ஜோன் என்ரிக் என்ற எழுத்தாளரின் வீட்டை, ஹலிபக்ஸ் பிரபு என்ற அமைச்சரின் கட்டளையோடு வந்த சேவகர் உடைத்துப் புகுந்து, பெட்டிகளைத் திறந்து, காகிதங்களை வாரிச் சென்றனர். என்ரிக் வழக்காடினார். அமைச்சரின் கட்டளைக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை, அரசின் அவசியம் என்பது மட்டும் சட்டமாகிவிடாது என 1765 இல் பிரதம நீதியரசர் கம்டன் பிரபு தீர்ப்பளித்தார். சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் அறிந்த வழக்கு அது. அதே எண்ணமே அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தமாக 1791 இல் உருவெடுத்தது.

வீட்டுப் பெட்டியிலிருந்த காகிதத்துக்கு அன்று கிடைத்த பாதுகாப்பு, கம்பனியின் யந்திரத்தில் இருக்கும் நடமாட்டக் குறிப்புக்கும் உண்டா? கார்ப்பெண்டர் எதிர் ஐக்கிய அமெரிக்க நாடுகள் என்ற வழக்கில் இக் கேள்வி நேரடியாக எழுந்தது. மிச்சிகன், ஒகையோ மாநிலங்களில் 2010 இலும் 2011 இலும் கடைகள் கொள்ளையிடப்பட்டன. சந்தேக நபரின் தொலைபேசிக் குறிப்பைப் பொலிஸார் கம்பனிகளிடமிருந்து பெற்றனர். நீதவான் ஒருவரின் கட்டளை இருந்தது. ஆனால் அது தேடுதல் ஆணைக்கு வேண்டிய காரணம் காட்டிப் பெற்றதன்று. விசாரணைக்குத் தொடர்புடைய தகவல் என்று சொன்னாற் போதும் என்னும் இலகுவான சட்டத்தின்கீழ்ப் பெற்ற கட்டளை. கிடைத்தவையோ 12,898 இருப்பிடப் புள்ளிகள். சராசரி நாளொன்றுக்கு 101.

அரச தரப்பின் வாதம் எளியது. இக் குறிப்பு கம்பனியின் வியாபார ஏடு. பாவிப்பவர் தாமாகவே அதைக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டார். பிறரிடம் கொடுத்துவிட்ட தகவலுக்கு அந்தரங்கம் ஏது? வங்கிக் கணக்கைப்பற்றி 1976 இலும், சுழற்றிய தொலைபேசி இலக்கங்களைப்பற்றி 1979 இலும் அதே உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் இவ் வாதத்துக்குத் துணைநின்றன.

2018 ஜூன் 22 இல் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நீதிமன்றம் பிரிந்து தீர்ப்பளித்தது. பெரும்பான்மைக்காகப் பிரதம நீதியரசர் ஜோன் றொபேட்ஸ் எழுதிய நியாயம் கவனிக்கத்தக்கது. கைத்தொலைபேசியின்றி இக்கால வாழ்வு நடவாது. அதைத் திறந்து வைத்திருப்பதைத் தவிர வேறெதனையும் செய்யாமலே பதிவு உண்டாகிறது. ஆகவே தாமாகக் கொடுத்தார் என்பது பொருந்தாது. மேலும் இக் குறிப்பு காலத்தில் பின்னோக்கிச் செல்லவல்லது. இன்று சந்தேகிக்கப்பட்டவன் பல ஆண்டுகளுக்குமுன் எங்கே நின்றான் என்பதையும் காட்டவல்லது. எனவே நியாயமான காரணத்தை நீதிபதிமுன் நிலைநாட்டித் தேடுதல் ஆணை பெறாமல் இதைப் பார்ப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று முடிவாயிற்று.

மாறுபட்டெழுதிய நீதியரசர் கெனடி முதலியோரின் கருத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஏடு கம்பனியினுடையதாயின் அதன்மேல் பாவனையாளருக்கு என்ன உரிமை என்று அவர்கள் கேட்டனர். நம் கமக்காரருக்கு இதற்கு விடை தெரியும். நெல்லை ஆலையில் குற்றக் கொடுத்தவன் அந் நெல்லை ஆலைக்காரனுக்கே கொடுத்துவிட்டான் என்று எவரேனும் சொல்வரோ? தபாற்பெட்டியிற் போட்ட கடிதம் தபாற்காரனுடையதாகுமோ? பொருள் ஒருவன் கையில் இருப்பது ஒன்று. அதன்மேல் உரிமை பெறுவது வேறொன்று. வேலையின் நிமித்தம் கையில் வந்த பொருளை அந்த வேலைக்கு மட்டுமே பயன்படுத்தல் வேண்டும் என்பது சட்டப் புத்தகத்துக்கு முந்திய நீதி.

வேலியே பயிரை மேய்ந்தது

கம்பனிகள் இந் நீதியைக் காத்தனவா? அமெரிக்காவின் பெரிய கைத்தொலைபேசிக் கம்பனிகள் நான்கு, தம் வாடிக்கையாளரின் இருப்பிடத்தைத் தரகர்களுக்கு விற்றமை 2018 இல் அம்பலமாயிற்று. அத் தரகு வழியாக மிசூரி மாநிலத்தில் உள்ளூர்ப் பொலிஸ் தலைவர் ஒருவர், நீதிமன்ற ஆணையின்றி ஆட்களின் இருப்பிடத்தைத் தேடிப் பார்த்தார். அவர் அவ்வாறு தேடியோரில் ஒரு நீதிபதியும் இருந்தார் என்பது குற்றச்சாட்டு. பின்னர் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் பெற்றார். நான்கு கம்பனிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 20 கோடி டொலர் அபராதத்தை 2024 ஏப்ரிலில் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு விதித்தது. கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றங்களை நாடின.

இதனிலும் வருந்தத்தக்கது தொழுகைச் செயலியின் கதை. தொழுகை நேரத்தையும் மக்காவின் திசையையும் காட்டும் செயலியொன்றை உலகெங்கும் பல கோடி முஸ்லிம் மக்கள் பாவித்தனர். அதிலிருந்து எக்ஸ்-மோட் என்ற தரகுக் கம்பனிக்குச் சென்ற இருப்பிடத் தகவல், அக் கம்பனி வழியாக அமெரிக்க இராணுவத்தோடு ஒப்பந்தஞ் செய்தோரையும் சென்றடைந்ததென 2020 நவம்பரில் வெளிவந்தது. செய்தி வெளிவந்ததும் செயலிக்காரர் அத் தொடர்பை முறித்துக்கொண்டனர். வழிபாட்டிடங்கள், வைத்திய நிலையங்கள் போன்ற இடங்களுக்குச் சென்றோரின் தகவலை விற்பதற்கு அத் தரகுக் கம்பனிமீது 2024 ஜனவரியில் தடை விதிக்கப்பட்டது. இறைவனை நோக்கித் திரும்புபவனின் திசையையும் விற்கலாம் என்று நினைக்கும் வியாபாரத்துக்கு வரம்பு கட்ட அரசு வேண்டும் என்பதில் எவருக்கேனும் ஐயமுண்டோ?

நீதிபதியின் ஆணை வேண்டுமென்று சட்டம் சொல்லும் தகவலைச் சந்தையிலே காசு கொடுத்து வாங்கலாமென்றால், அந்த ஆணைக்கு என்ன பொருள்? முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைப்பதல்லவா அது?

மறைக்க ஒன்றுமில்லையாம்

குற்றஞ் செய்யாதவனுக்குப் பயமென்ன, மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் முணுமுணுக்க வேண்டும் என்று சில படித்த பெரியோரே கேட்கின்றனர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் வளவைச் சுற்றி வேலி எதற்கு? கிடுகும் பனையோலையும் வாங்கி ஆண்டுதோறும் வேலியடைக்கும் நம் குடும்பங்கள் எந்தக் குற்றத்தை மறைக்கின்றன? வேலி மானத்துக்காக, வெட்கத்துக்காக அன்று.

அன்றியும், குற்றஞ் செய்யாதவனும் அகப்படுவான். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தேகப்பயிற்சிக்காகச் சைக்கிள் ஓடிய ஒருவர், தாம் ஓடிய தூரத்தை அறியச் செயலியொன்றை வைத்திருந்தார். 2019 மார்ச்சில் அவர் ஒரு வீட்டைச் சிறிது நேரத்துக்குள் மூன்று தடவை கடந்து சென்றார். அன்றைக்கே அவ் வீட்டில் திருட்டு நடந்தது. அவ்விடத்தில் அந் நேரம் நின்ற தொலைபேசிகளையெல்லாம் காட்டும்படி பொலிஸார் கூகிளுக்கு ஆணை பிறப்பிக்கச் செய்தனர். மாதங்கள் கழித்துத் தம் விபரம் பொலிஸாருக்குப் போகவிருக்கிறது என்ற அறிவித்தல் வந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. பெற்றோரின் சேமிப்பைக் கொண்டு நியாயவாதியை அமர்த்திய பின்னரே பொலிஸார் அவரை விட்டனர். நியாயவாதிக்குக் கொடுக்கப் பணமில்லாதவன் கதி என்ன? வழக்கமாக ஆளைச் சந்தேகித்து இடத்தைத் தேடுவர். இங்கோ இடத்தை வளைத்து, அதற்குள் நின்றவர் எல்லாரையும் சந்தேகித்தனர்.

தனி மனிதனோடு இது முடிவதுமில்லை. 2014 ஜனவரி 21 இல் உக்ரெயின் தலைநகரமான கீவ் நகரிலே அரசுக்கெதிராக மக்கள் கூடி நின்றனர். அன்று மோதல் நடந்த இடத்துக்கு அண்மையில் நின்றோரின் கைத்தொலைபேசிகளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கலகத்தில் பங்குபற்றியவராக நீங்கள் பதியப்பட்டிருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். தாம் அனுப்பவில்லையென்று கம்பனிகள் மறுத்தன. எவர் அனுப்பினாலும் செய்தியின் நோக்கம் வெளிப்படை. கூட்டத்துக்கு வந்தவனின் பெயரை எவரும் கேட்கவில்லை. அவன் மடியிலிருந்த கருவியே அவன் பெயரைச் சொல்லிற்று. கூட்டம் கூடும் உரிமை ஏட்டில் இருந்தாலும், கூடியவனின் பெயர் உடனே எழுதப்படுமென்றால் நாளைக்கு எத்தனை பேர் கூடுவர்?

இதில் தொழில் செய்வோர் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. நியாயவாதியிடம் வருபவன் சொல்வதைச் சட்டம் இரகசியமாகக் காக்கிறது. வைத்தியரிடம் வருபவன் சொல்வதைத் தொழில்தர்மம் காக்கிறது. ஆனால் இன்னார் இன்ன நாளில் நியாயவாதியின் கந்தோரில் இரண்டு மணி நேரம் இருந்தார், இன்னார் மூன்று வாரமாகப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருகிறார் என்று கருவியே சொல்லிவிடுமாயின், அவ் வாய்ப்பூட்டுகளால் யாது பயன்?

அயல்நாட்டில் ஒரு பிணை

அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று இந்திய உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017 ஓகஸ்ட் 24 இல் ஏகமனதாகத் தீர்த்தனர். முதுமையிலும் அவ் வழக்கைத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசுவாமி. அந்தத் தீர்ப்பு வெறும் அலங்காரமன்று என்பதைப் பின்வந்த ஒரு பிணை வழக்குக் காட்டிற்று. போதைப்பொருள் வழக்கொன்றில் பிணை பெற்ற வெளிநாட்டவர் ஒருவர், தாம் நிற்கும் இடத்தைக் கூகிள் வரைபடத்தின் மூலம் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைத்திருக்கவேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. 2024 ஜூலை 8 இல் நீதியரசர்கள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் அந் நிபந்தனையை நீக்கினர். பிணையில் விடப்பட்டவனின் ஒவ்வோர் அசைவையும் பொலிஸார் ஓயாது நோக்கிக்கொண்டிருப்பது அவனை வேறு வடிவில் அடைத்து வைப்பதாகும் என்பது அவர்களது நியாயம். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே இந்த உரிமை உண்டாயின், எந்தக் குற்றமும் சாட்டப்படாத நமக்கு எவ்வளவு உரிமை இருத்தல் வேண்டும்?

நம் நாட்டு நிலைமை

இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் பேச்சு, கூட்டம், சங்கம், நடமாட்டம் ஆகியவற்றுக்கு இடமுண்டு. அந்தரங்கத்துக்கெனத் தனி உறுப்புரை இல்லை. 2015 இல் தகவல் அறியும் உரிமையைச் சேர்த்தபோது, அவ் வுரிமையைக் கட்டுப்படுத்தத்தக்க காரணங்களில் ஒன்றாக மாத்திரமே அந்தரங்கம் உள்ளே வந்தது. உரோம டச்சுச் சட்டத்தின்கீழ் மானநட்ட வழக்குத் தொடுக்க வழியுண்டு. ஆனால் அரசாங்கத்தின் வேவுக்கு முன்னால் அது மெல்லிய கேடயம்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்கிறது 126 ஆம் உறுப்புரை. மீறலை அறிந்த நாளிலிருந்து கணக்கிட நீதிமன்றம் இடமளித்ததுமுண்டு. ஆனால் இருப்பிடக் குறிப்பை எடுத்துப் பார்த்தமை எடுக்கப்பட்டவனுக்கு ஒருபோதும் அறிவிக்கப்படாவிட்டால், அந்த ஒரு மாதம் எந்நாளில் தொடங்கும்?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாம் வரவேற்றோம். ஒருவரை அடையாளங்காட்டும் தகவல்களுள் இருப்பிடத் தகவலும் ஒன்றென்று அச் சட்டமே கூறுகிறது. அரச நிறுவனங்களும் அதற்குள் அடங்கும். ஆனால் அதன் முக்கியமான பாகங்கள் நடைமுறைக்கு வருமெனக் குறிக்கப்பட்ட 2025 மார்ச் 18 ஆம் தேதி வருமுன்னரே அத் தேதி தள்ளிவைக்கப்பட்டது. தேசிய பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக விதிவிலக்குச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. அவ் விதிவிலக்கு அவசியமானதாகவும் அளவானதாகவும் இருத்தல் வேண்டும் என்று எழுதியிருப்பது நல்லதே. அவசியமா, அளவானதா என்பதை முன்கூட்டியே நிறுத்துப் பார்ப்பவர் யார் என்பதே கேள்வி. பார்க்க விரும்புபவரே நிறுத்தும் தராசு நேராக நில்லாது.

தேசிய பாதுகாப்பு என்ற சொல் எவ்வளவு நீளுமென்பதை 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தமிழ் மக்களுக்குக் கற்பித்திருக்கிறது. போர்க்காலத்தில் எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எவர் வீட்டில் தங்குவாய் என்ற கேள்விகளுக்குச் சோதனைச் சாவடி தோறும் விடை சொல்லி, அனுமதிச்சீட்டும் அடையாள அட்டையும் காட்டி நடந்த மக்கள் நாம். அக் கேள்விகளில் அவமானம் இருந்தது. ஆயினும் கேட்பவன் முன்னே நின்றான், கேட்கப்படுகிறோமென்று நமக்குத் தெரிந்தது. கைத்தொலைபேசிச் சாவடியோ கண்ணுக்குத் தெரியாது. அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தே சிம் அட்டை பெறுகிறோமாதலால், கோபுரக் குறிப்பும் பெயரும் ஒரே ஏட்டில் இருக்கின்றன. சிங்களக் கமக்காரனுக்கும், முஸ்லிம் வியாபாரிக்கும், மலையகத் தொழிலாளிக்கும் இது நமக்குப் போன்றே பொருந்தும். ஆகவே இது ஓரினத்தின் கோரிக்கையன்று. குடிகள் அனைவரின் கோரிக்கை.

நாம் கோருவது

குற்றவாளியைப் பிடிக்கவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. காணாமற் போன பிள்ளையைத் தேடவும், கடலில் வழிதவறிய மீனவனைக் கண்டுபிடிக்கவும் இத் தகவல் உதவுமாயின் அப்படியே ஆகுக; உயிராபத்து வேளையில் உடனடியாகப் பார்க்க அமெரிக்கத் தீர்ப்பும் இடம்விட்டிருக்கிறது. உரிமையைக் காத்தால் கள்வன் தப்பிவிடுவான் என்போர் இன்னொன்றையும் அறியவேண்டும். கார்ப்பெண்டர் வழக்கில் உரிமை நிலைநாட்டப்பட்டது. ஆனால் பொலிஸார் அந்நாளில் இருந்த சட்டத்தை நம்பி நடந்தனர் என்ற காரணத்தால் 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆளின் தண்டனையை நிலைநிறுத்திற்று. கொள்ளைக்காரன் சிறையிலேயே இருந்தான். குடிகளின் உரிமையும் நின்றது.

நம் கோரிக்கை நான்கு.

முதலாவது, உயிராபத்து வேளை தவிர, நீதிபதி ஒருவர் காரணத்தை ஆராய்ந்து எழுத்திற் பிறப்பித்த ஆணையின்றி எவருடைய இருப்பிடக் குறிப்பையும் பொலிஸாரோ இராணுவத்தாரோ வேறெந்தத் திணைக்களத்தாரோ பார்த்தலாகாது.

இரண்டாவது, பார்க்கப்பட்டவனுக்கு விசாரணை முடிந்தபின் குறித்த காலத்துக்குள் அறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டும். உறுப்புரை 126 இன் ஒரு மாதம் அந்த அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

மூன்றாவது, கணக்குக் கட்டுவதற்கு வேண்டிய காலம் முடிந்ததும் கம்பனி அக் குறிப்பை அழித்துவிடல் வேண்டும். இல்லாத ஏட்டை எவரும் திருட முடியாது.

நான்காவது, பாவனையாளரின் தெளிவான சம்மதமின்றி அதை விற்றலும் மாற்றலும் தண்டனைக்குரிய குற்றமாதல் வேண்டும். அரசாங்கம் அதைச் சந்தையில் வாங்குதலும் தடுக்கப்படல் வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. உங்கள் கைத்தொலைபேசியின் அமைப்புப் பகுதியைத் திறந்து, இருப்பிடம் அறிய எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வழி காட்டும் வரைபடத்துக்கு அது வேண்டும். பாவிக்கும் வேளையில் மட்டும் கொடுங்கள். ரோச்சுக்கும் பஞ்சாங்கத்துக்கும் விளையாட்டுக்கும் அது வேண்டியதில்லை, மறுத்துவிடுங்கள். கோபுரக் குறிப்பைமட்டும் இவ்வாறு தடுக்க முடியாது. தொலைபேசியை நிறுத்தினாலொழிய, அல்லது வீட்டில் விட்டுச் சென்றாலொழிய, அது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனாற்றான் அதற்குச் சட்டம் வேண்டுமென்கிறோம். வீட்டில் இளைஞர் இருப்பின் அவர்களைக் கொண்டு மூத்தோருடைய கருவியையும் பார்ப்பியுங்கள். சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள்.

அடுத்து, உங்கள் வாக்கைக் கேட்டு வருபவரிடம் இந்த நான்கு கோரிக்கைகளையும் வையுங்கள். வீதி போடுவேன், குளம் திருத்துவேன் என்று அவர் சொல்லட்டும், அவை வேண்டியவையே. அந்த வீதியில் நான் எப்போது நடந்தேன் என்பதை எவர் கட்டளையின்மேல் எவர் பார்க்கலாம் என்று நீங்கள் கேளுங்கள். தெளிவான விடை தராதவருக்கு, தெளிவான விடையை நீங்களும் தேர்தல் நாளில் கொடுங்கள்.